ஊருணி மேல் ஒரு படலம்

மாவிலங்கேந்தல்,
9 மார்ச் 2024

ஆஸ்லினுக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். பழக்கத்தில் கை எழுதிவிட்டது.

உன் முகவரியைத் தங்கச்சிமடத்துக்குப் போய் உன் அம்மாவிடம் வாங்கினேன். லீமாரோஸ் அம்மா பஸ்ஸுக்குப் புறப்படும் அவசரத்தில் கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமலே, “அங்கன போன் குடுக்க மாட்டாகளாம். நீ எழுதுறதுன்னா எழுது. நான் எழுத மாட்டேன்” என்றார்கள். ஆக, உன்மேல் கோபமாக இருப்பது நான் மட்டுமில்லை.

இரண்டு வருடம் பரமக்குடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எம்.எஸ்ஸி. படித்தோம். குடிக்கிற தண்ணீர் ஆவியாகாமல் இருக்க ஊருணி மேல் மெல்லிய படலம் விரிக்கலாம் என்ற யோசனை உன்னுடையது. அதற்கு எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் நீதான். பேராசிரியரிடம் கெஞ்சி, கல்லூரிப் பணத்தில் படலத்துக்கான பொடிக்கு ஏற்பாடு செய்ததும் நீ. ஜனவரியில் ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்தால் உன் மேசை காலி. ‘மடத்தில் சேரப் போகிறேன், மன்னித்துக்கொள்’ என்று போனில் ஒரு வரி. திரும்ப அழைத்தேன், அணைந்திருந்தது. கன்னியாஸ்திரி ஆவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பொடி வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் அனுமதியும் கிடைத்துவிட்டது. சுலபத்தில் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் உனக்குத் தெரியும். போர் போட்டால் உப்புத் தண்ணீர். காவிரிக் குழாயில் வந்தால் உண்டு. மற்றபடி குடிக்கவும் சமைக்கவும் ஊருணிதான். அதில் உள்ளதை நம்மைவிட வெயிலும் காற்றும்தான் அதிகம் குடிக்கின்றன என்று சொன்னேன். அது எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் குடிக்கிற தண்ணீரில் எதையோ தூவப்போகிறாள் என்றதும் முகங்கள் மாறிவிட்டன. எங்கள் அய்யா எழுந்து, “எம் மகமேல நம்பிக்கை இல்லாட்டி எம்மேல வைங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் பதில் சொல்றேன்” என்றார். “அய்யப்பன் சொன்னாச் சரி” என்று அய்யாவை நம்பி விட்டுவிட்டார்கள்.

முதல் முறை தூவிப் பார்த்தேன். காலையில் நன்றாக விரிந்தது. மதியம் காற்று எழும்பியதும் படலம் மொத்தமும் ஒரு கரையில் போய் ஒதுங்கிவிட்டது. காற்றைச் சமாளிப்பது பற்றி நீ படித்ததெல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது. அதை மட்டும் எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

யுவராணி


மரியே வாழ்க
சிறுமலை அடிவாரம்,
குருத்து ஞாயிறு, 24 மார்ச் 2024

அன்புள்ள யுவா,

நான் அடிக்கப்போவதில்லை.

இங்கே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கடிதம் எழுத அனுமதி. வரும் கடிதங்களை எங்கள் பொறுப்புச் சகோதரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உன்னுடையதைக் கொடுக்கும்போது, “இந்தப் பொண்ணு உன்ன ரொம்ப நேசிக்கிறா” என்றார்கள். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று முதலில் நினைத்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில். காற்று எந்தக் கரையிலிருந்து அடிக்கிறதோ அந்தக் கரையிலிருந்து கொடு. மொத்தமாகத் தூவாதே. பொடியைத் துணிப்பையில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வை. காற்று படலத்தைத் தள்ளிக்கொண்டு போகப்போக, பையிலிருந்து புதிதாகக் கசிந்து இடத்தை நிரப்பும். படலம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கற்பூரத்தைக் கிள்ளிப் போட்டுப் பார். சுத்தமான தண்ணீரில் கற்பூரம் தானாக ஓடும், சுற்றும். படலம் இருந்தால் போட்ட இடத்திலேயே கிடக்கும். கரையில் இரண்டு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் மட்டும் பொடி போட்டு வை. ஊர்க்காரர்கள் அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

அய்யா கேட்டால் இப்படிச் சொல். திருவிழாக் கூட்டத்தில் ஆட்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கிற மாதிரி அந்தத் துகள்கள் தண்ணீர் மேல் நிற்கின்றன. ஒரே ஒரு வரிசை, அவ்வளவுதான் கனம். நெருங்கி நின்றால் தண்ணீர் மேலே கிளம்ப வழி கிடைக்காது. நடுவில் இடம் விட்டால் போய்விடும்.

மற்றதையும் எழுதுகிறேன். உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பாய்: “நெசமாவா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் உன் எதிரே நின்றிருந்தால் நான் போயே இருக்க மாட்டேன். இப்போதும் என்னிடம் பதில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். விடியற்காலை எழுகிறேன், ஜெபிக்கிறேன், தோட்டத்தில் களை பிடுங்குகிறேன். சில நாள் இதுதான் என் இடம் என்று இருக்கிறது. சில நாள் யாருடைய வீட்டிலோ விருந்தாளியாகத் தங்கியிருப்பது மாதிரி இருக்கிறது.

அம்மாவை மறுபடி பார்த்தாயானால் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.

ஆஸ்லின்


மாவிலங்கேந்தல்,
28 ஏப்ரல் 2024

ஆஸ்லினுக்கு,

துணிப்பை வேலை செய்கிறது.

அதைச் சொல்ல இவ்வளவு நாள் காத்திருந்தேன், நாலு வாரமாவது பார்த்துவிட்டு எழுதலாம் என்று. காலையில் வந்து பார்க்க வேண்டும் நீ. ஊருணியைச் சுற்றிக் கருவேல மரமெல்லாம் ஆடுகிறது. தண்ணீரில் மட்டும் சிற்றலை இல்லை. அங்கங்கே படலம் கிழிந்த இடம் தனியாகச் சுருங்கித் தெரிகிறது. அந்தப் பக்கம் போய்ப் பையை மாற்றிக் கட்டுகிறேன்.

நான் தினமும் கற்பூரத்தோடு போவதைப் பார்த்து ஆடு மேய்க்கிற ராக்கு, “எந்தச் சாமிக்கு நேந்துருக்க?” என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். கற்பூரம் அசையாமல் கிடப்பதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கொளுத்தாத கற்பூரத்துல என்னத்த இருக்கு” என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

டிரம்தான் ஊரை மாற்றியது. பொடி போடாத டிரம்மில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து இறங்குகிறது. மற்றதில் பாதி வேகம்கூட இல்லை. காற்றுப் படாத டிரம் என்பதால் வித்தியாசம் இவ்வளவு தெரிகிறது, ஊருணியில் இந்த அளவுக்கு வராது என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு டிரம்மை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. போன வருடம் இந்நேரம் வெளியே தெரிந்த கல்படி இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. எங்கள் தெரு உலகம்மாள் அக்கா, “ஆடி வரைக்கும் தாங்கிருமா யுவராணி?” என்று கேட்டார். தாங்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு பயமாக இருந்தது.

உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். உத்தரகோசமங்கை பஸ் ஸ்டாப்பில் கூடையோடு பார்த்தேன். உன்னைப் பற்றி நான் ஆரம்பித்ததும் பேச்சை மாற்றினார்கள். ஆனால் பஸ் ஏறும் முன்பு, “அங்கன மீன் கெடைக்குமா? மலைக்காட்டுல என்னத்தத் திங்கிறாளோ” என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். எழுதிக் கேட்டுச் சொல்லட்டுமா என்பதற்குள் கூடையோடு ஏறிவிட்டார்கள்.

யுவராணி


மரியே வாழ்க
சிறுமலை அடிவாரம்,
12 மே 2024

அன்புள்ள யுவா,

மீன் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில், ஐஸில் கிடந்து கண் சிவந்த மீன். அம்மா பார்த்தால் நாய்க்குக்கூடப் போட மாட்டார்கள். இதை அவர்களிடம் சொல்லாதே. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்.

ஊருணி சேதியைச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போன மாதிரியும் இருந்தது. அந்தக் கரையில் நானும் நின்றிருக்க வேண்டும்.

இங்கே சாயங்காலமானால் மழை. கூரையிலிருந்து ஊற்றுகிற தண்ணீர் வாய்க்காலில் வீணாக ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது புரியும்.

ஜூன் மாதம் நாங்கள் எழுத்து மூலம் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பயிற்சியைத் தொடர விரும்புகிறேன் என்று. மற்றப் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். நான் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். மலைப்பாதையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால், இது திண்டுக்கல் போகும், அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வண்டி என்று மனம் தானாகக் கிளம்பிவிடுகிறது. இந்த வரியைச் சகோதரி படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

ஆஸ்லின்


மாவிலங்கேந்தல்,
23 மே 2024

அன்புள்ள ஆஸ்லின்,

இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். சீக்கிரம் உன் கையில் கிடைக்க வேண்டும்.

போன வாரம் முழுக்க மேகம் மூட்டமாகவே இருந்தது. காற்றே இல்லை. மழையும் வருவது போல் வந்து தூறலோடு போய்விட்டது. அதற்கு மறுநாள் காலை தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் வெறும் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஊருணியில் மீன்களெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரையோரம் பூராவும் செத்த கெண்டைகள். அன்று மதியமே உலகம்மாள் அக்காவின் மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆறு வயதுப் பிள்ளை. சாயங்காலம் கண் சொருகிவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

உலகம்மாள் அக்கா போகும் வழியில் ஆட்டோவை எங்கள் வாசலில் நிறுத்தினார். சண்டை போட வந்தார் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை. “எம் புள்ளைக்கு என்னத்தக் குடுத்த யுவராணி? பேர மட்டுமாச்சும் சொல்லு. டாக்டர் கேப்பாரு” என்றார்.

தாளில் எழுதிக் கொடுத்தேன். செட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால், கொஞ்சம் சுண்ணாம்பு. யாரோ அதை வாங்கிப் படித்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள், குடிதண்ணீரில் சாராயத்தைக் கலந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பைகளை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். டிரம்களை யாரோ உருட்டிக் கவிழ்த்துவிட்டார்கள்.

இப்போது ஊர் டாங்கர் தண்ணீருக்கு நிற்கிறது. ஊருணிப் பக்கம் யாரும் போவதில்லை, எங்கள் அய்யாவைத் தவிர. அவர் தினமும் காலையில் எப்போதும் போல் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறார். எல்லாரும் பார்க்க ஊருணியில் மொண்டு வருகிறார். அதைத்தான் குடிக்கிறார். அம்மா டாங்கர் தண்ணீரை நீட்டினால் வாங்குவதில்லை. யாரும் அவரோடு பேசவில்லை, அவரும் யாரோடும் பேசவில்லை.

ஆஸ்லின், அவர் செம்பைத் தூக்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவர் நம்புகிறார். நான் நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த மருந்து ஆளைக் கெடுக்காது என்று எத்தனை தாள் படித்திருப்போம். செத்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்ததும் படித்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. பேராசிரியர், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரட்டும் என்கிறார். அதுவரை?

உண்மையைச் சொல். ஆறுதல் வேண்டாம். நாம் அவர்களுக்கு விஷம் வைத்துவிட்டோமா?

யுவராணி


மரியே வாழ்க
சிறுமலை அடிவாரம்,
25 மே 2024

யுவா,

உன் கடிதத்தைச் சகோதரி பிரிக்காமலே கொடுத்தார்கள். நான் படித்து முடித்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துப் போனில் பேசுகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். உன் குரலைக் கேட்டால் யோசிக்க வராது. யோசித்து எழுதுகிறேன்.

ஆளுக்கு விஷமா என்றால், இல்லை. இது முகத்துக்குப் பூசும் கிரீமில் இருக்கிற பொருள். நாம் தூவிய அளவு, அந்தப் பிள்ளை ஒரு குடம் குடித்திருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காது. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

மீனைப் பற்றி அந்த உறுதி எனக்கு இல்லை. மேகமூட்டமும் காற்றில்லாத நாட்களும் சேர்ந்து வந்தால் கோடையில் வற்றிய குளத்தில் பாசி அழுகும், தண்ணீரில் பிராணவாயு குறையும், விடியற்காலையில் மீன் சாகும். அது பொடி இல்லாமலும் நடக்கும். படலம் பிராணவாயுவைப் பெரிதாகத் தடுக்காது என்று படித்தோம். ‘பெரிதாக’ என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். சிற்றலை எழும்பினால்தான் தண்ணீருக்குள் காற்று கலக்கும். நாம் சிற்றலையை நிறுத்தினோம். அந்த ஒரு வாரத்துக்கு நாமும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கலாம்.

அதனால் இரண்டு காரியம் செய். பக்கத்தில் பொடி படாத குளம் எதுவாக இருந்தாலும் போய்ப் பார், அங்கே மீன் செத்ததா என்று கேள். அந்தப் பிள்ளை முதல்நாள் எங்கே போனது, என்ன சாப்பிட்டது, கூடச் சாப்பிட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரி. உலகம்மாள் அக்காவிடம் நீ போய்க் கேட்க வேண்டாம், வேறு யாராவது கேட்கட்டும். அய்யாவிடம், குடிப்பதானால் காய்ச்சிக் குடிக்கச் சொல். பொடிக்குப் பயந்து சொல்லவில்லை. மீன் செத்துக் கிடந்த தண்ணீர் அது.

வீட்டுக்குப் போய் வர அனுமதி கேட்டிருக்கிறேன். பையில் இரண்டு சேலை எடுத்து வைத்தாயிற்று. யோசனை என்னுடையது, பேச்சு கேட்பது நீயும் அய்யாவும் என்பது எனக்குத் தாங்கவில்லை. கிடைக்குமா தெரியாது. அம்மாவுக்கும் இன்றைக்கே இரண்டு வரி எழுதிப் போடுகிறேன். அவர்கள் படிப்பார்களோ, கிழிப்பார்களோ.

ஆஸ்லின்


மாவிலங்கேந்தல்,
5 ஜூன் 2024

அன்புள்ள ஆஸ்லின்,

நீ கிளம்பி வர வேண்டாம். முதலில் அதைப் படித்துக்கொள். எல்லாம் சரியாகிவிட்டது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை லீமாரோஸ் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கையில் கூடை இல்லை, துணிப்பை மட்டும். “அவளால வர முடியுமோ முடியாதோ. அவளுக்குப் பதிலா நான் வந்துருக்கேன். தண்ணி குடு” என்றார்கள். நான் டாங்கர் தண்ணீரைக் கொடுத்தேன். அது இல்லை, ஊருணித் தண்ணீர் என்றார்கள். காய்ச்சி ஆற வைத்திருந்ததைக் கொடுத்தேன். முழுச் செம்பையும் குடித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் என் அம்மாவோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள். ஒரு வாரமாக எங்கள் வீட்டுப் படி ஏறிய முதல் ஆள் அவர்கள்தான். அம்மா அழுதுவிட்டார்.

மாடு குடிக்கிற குளம் ஊருக்குத் தெற்கே கிடக்கிறது. அங்கே ஒரு சிட்டிகைப் பொடிகூடப் போட்டதில்லை. ராக்குவிடம் கேட்டேன். “ஊருணில செத்த அன்னைக்கே அங்கனயும் செத்துச்சே. பருந்தும் கொக்கும் மொச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. யாரு கேட்டா எங்கிட்ட?” என்றார். ஓடினேன். சேற்றில் மீன்கள் காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிறகு அய்யாவையும் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர்கள் குனிந்து மீன்களைப் புரட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளை விஷயத்தை விசாரிக்கவே தேவைப்படவில்லை. உலகம்மாள் அக்காவின் தங்கை வீட்டிலிருந்து போன் வந்தது. முதல்நாள் பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் சேர்ந்துதான் போயிருந்தார்கள். தங்கை வீட்டிலும் நாலு பேர் ஆஸ்பத்திரியில். அவர்கள் யாரும் எங்கள் ஊருணித் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. பிள்ளை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. தெருவில் ஓடுகிறது.

நேற்றுச் சோதனை முடிவும் வந்தது. காய்ச்சிக் குடியுங்கள் என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்லவில்லை.

உலகம்மாள் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “அன்னைக்குக் கேட்டது கேட்டதுதான். எம் புள்ளைக்கு முடியலன்னா திரும்பவும் வந்து கேப்பேன்” என்றார். “கேளுங்கக்கா” என்றேன். அவர் கேட்ட கேள்வியில் தப்பில்லை. பிள்ளை என் கையிலிருந்த வெல்லத்தை வாங்கிக்கொண்டது.

இனி நான் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. சோதனைத் தாளை அய்யாவிடம் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். உங்களுக்குத்தான் முதலிலிருந்தே தெரியுமே, பயமில்லாமல் குடித்தீர்களே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு என்னத்தா தெரியும்? நீ பயந்து கெடந்ததப் பாத்து எனக்கும் பயந்தான். ஒவ்வொரு செம்புக்கும் பயந்துக்கிட்டுத்தான் குடிச்சேன். நான் நிப்பாட்டிருந்தா ஊரு உன்ன என்ன சொல்லும்?”

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருவில் யாரோ அவரைக் கூப்பிட்டுப் பேசுவது கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அதற்குப் பிறகு பசித்தது. அவ்வளவு நாளும் பசித்ததே இல்லை.

ஊர்க்கூட்டம் மறுபடி போட்டார்கள். நீ எழுதியதை, நாமும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கலாம் என்பது உட்பட, மறைக்காமல் படித்தேன். படிக்க வேண்டாம் என்று பேராசிரியர் போனில் சொன்னார். நான் படித்தேன். முணுமுணுப்பு எழுந்தது. பிறகு அவர்களே ஒரு வழி சொன்னார்கள்: மேகமும் காற்றில்லாத நாளுமாக இருந்தால் பையை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் மூச்சு விடட்டும். வெயிலும் காற்றும் அடித்தால் போடலாம். இன்று காலை பை கட்டியாயிற்று. கயிற்றின் மறுமுனையை உலகம்மாள் அக்கா பிடித்துக்கொண்டார்.

உன் அம்மா நேற்றுத்தான் ஊருக்குப் போனார்கள். போகும்போது என்னிடம் ஒரு தபால் கவர் கேட்டார்கள்.

யுவராணி


மரியே வாழ்க
சிறுமலை அடிவாரம்,
9 ஜூன் 2024

அன்புள்ள யுவா,

உன் கடிதம் வந்தபோது நான் பையோடு மடத்து வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

அனுமதி முந்தின நாள்தான் கிடைத்தது. சகோதரி, “போயிட்டு வா. திரும்பி வரலேன்னாலும் ஒரு வரி எழுது” என்றார்கள். அவர்கள் நான் நினைத்ததைவிட அதிகமாகத்தான் என்னைப் படித்திருக்கிறார்கள். தபால்காரர் வண்டியை நிறுத்திக் கவரை என் கையிலேயே கொடுத்தார். ‘கிளம்பி வர வேண்டாம்’ என்ற வரியைப் பார்த்ததும் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாட்டுக்குளத்து மீன் வரைக்கும் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். செத்த மீனைப் பற்றிப் படித்து ஒருத்தி சிரிப்பதைத் தோட்டக்காரர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

அதற்குள் பஸ் வந்து நின்றது. அனுமதி அப்படியே இருக்கிறது, பையும் தயார், வீட்டுக்குப் போய் வருவதில் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நடத்துநர், “ஏறலையாம்மா?” என்றார். நான் இல்லை என்று சொன்னேன். பஸ் போனது. அது திரும்பும் சத்தத்தைக் கடைசி வரை கேட்டேன். இந்தத் தடவை மனம் அதன் பின்னால் போகவில்லை.

இத்தனை மாதமும் அந்தப் பஸ் என்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், நடுவில் விட்டுவிட்டு வந்த ஒரு வேலை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நீ அதை எடுத்து நிறுத்திவிட்டாய். உறுத்தல் போனதும் பார்த்தால், நான் இருக்க விரும்புகிற இடத்தில்தான் இருக்கிறேன். பையிலிருந்து சேலைகளை எடுத்து மடித்து வைத்தேன். விண்ணப்பத்தை எழுதினேன். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், அடித்தல் இல்லாமல். இப்போது “நெசமாவா?” என்று கேள், யுவா. நெசமாத்தான்.

அம்மாவின் கடிதம் நேற்று வந்தது. என் வாழ்க்கையில் அவர்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். மொத்தமும் இவ்வளவுதான்: ‘ஒன் சேக்காளி நல்லாருக்கா. அவுக வீட்டுத் தண்ணி நல்லாருக்கு. நீ சாப்புடு.’ சாப்பிடு என்று எழுதிய பிறகு என்ன கோபம் மிச்சம் இருக்கும்?

ஆஸ்லின்


மாவிலங்கேந்தல்,
7 அக்டோபர் 2024

அன்புள்ள ஆஸ்லின்,

மழை பெய்துவிட்டது.

நடுவில் உனக்கு எழுதியதெல்லாம் தண்ணீர் மட்டம், காற்று, பொடி என்றே போய்விட்டது. இது வேறு கடிதம். ஆடி தாண்டியது, ஆவணியும் தாண்டியது. வழக்கமாக ஆனியிலேயே வெடித்துக் கிடக்கிற ஊருணி, புரட்டாசி பிறந்தபோதும் நடுவில் ஒரு பாயளவு பச்சையாகத் தண்ணீர் வைத்திருந்தது. கலங்கல்தான், வடிகட்டித் தெளிய வைத்துத்தான் எடுத்தோம். அக்கம்பக்கத்து ஊர்களில் டாங்கரை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நின்றன. எங்கள் ஊர்க் குடம் போய் நிற்கவில்லை. எல்லாம் படலத்தால்தான் என்று நான் எழுத மாட்டேன். வைகாசித் தூறலும் கொஞ்சம் கொடுத்தது, ஊர்க்காரர்களும் பார்த்துப் பார்த்து மொண்டார்கள். படலத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

நேற்று மதியம் கிழக்கே கருத்தது. நானும் உலகம்மாள் அக்காவும் பையை அவிழ்க்க ஓடினோம். முடிச்சை அவிழ்ப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. ஓடவில்லை. அப்படியே கரையில் நின்றோம். வரத்துக்கால்களில் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து ஊருணியில் விழுந்தது. பையை மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வீடு வந்தோம். இனி இந்த வருடம் எனக்கு ஊருணியில் வேலையில்லை.

அடுத்த மாதம் உங்கள் மடத்தில் வீட்டார் வந்து பார்க்கிற ஞாயிறு இருக்கிறதாமே. லீமாரோஸ் அம்மா என்னையும் கூப்பிட்டார்கள். ராமேஸ்வரத்து மீன் வறுத்து எடுத்துக்கொண்டு வருகிறோம், அந்த ஐஸ் மீனை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது என்று சொல்லச் சொன்னார்கள். ஐஸ் மீன் சேதியை நான் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே, மீதிப் பொடி மூட்டையைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அய்யாவிடம் கேட்டேன். அவர் தாழ்வாரத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

“ஈரம் படாத எடமாப் பாத்து வையி. அடுத்த கோடைக்கு வேணும்” என்றார்.

யுவா